‘சேஃப்’ என்ற சொல்லும் ஒரு தீப்பெட்டியும்



உங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு தீப்பெட்டி இருக்கும். அதன் மேலட்டையில் உள்ள படத்தைச் சற்று மறந்துவிட்டு, படத்தின் ஓரத்தில் உள்ள எழுத்துக்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் ‘சேஃப்டி மேச்சஸ்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். கோவில்பட்டியிலும் அதைச் சூழ்ந்த கரிசற்காட்டுச் சிற்றூர்களிலும் என் காலத்தில் பிறந்த பிள்ளைகள் முதன்முதலாகக் கண்ணால் கண்ட ஆங்கிலச் சொல் இதுவே என்று சொன்னால் அது மிகையாகாது. பாடநூல் எங்களுக்கு ஆப்பிளைக் காட்டி ஆங்கில அரிச்சுவடியைத் தொடங்கி வைத்தது. ஆப்பிளை நாங்கள் கண்டதில்லை. ‘சேஃப்டி’யையோ நாள்தோறும் கண்டோம், பசை தடவி ஒட்டவும் செய்தோம்.

1982-ஆம் ஆண்டு ஆசிரியப் பயிற்சி முடித்து, கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆங்கில ஆசிரியனாகச் சேர்ந்தேன். 35 ஆண்டுகள் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றேன். அத்தனை ஆண்டுகளில் எத்தனையோ ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். அவற்றுள் ஒரு சொல்லுக்கு மட்டும் நான் சொன்ன பொருள் சரிதானா என்ற ஐயம் இன்னும் என்னை விட்டு அகலவில்லை. அந்தச் சொல்தான் ‘சேஃப்’.

முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் ‘சால்வுஸ்’ என்றொரு சொல் உண்டு. ஊறு படாத, குறைவுபடாத, நலமான என்பது அதன் பொருள். அது பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து ‘சேஃப்’ ஆயிற்று. இந்த ‘சால்வுஸ்’ நமக்கு முற்றிலும் அயலான சொல் அன்று. வடமொழியில் முழுமையைக் குறிக்கும் ‘சர்வ’ என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழிநூலார் கண்ட முடிவு. சர்வகலாசாலை, சர்வதேசம் என்றெல்லாம் நாம் வழங்கினோமே, அந்தச் சர்வந்தான். எனவே ‘சேஃப்’ என்பதன் அடிப்பொருள் ‘முழுமையாக’ என்பதாகும். வெளியூர் போன பிள்ளை இரவில் வீடு திரும்பினால், “முழுசா வந்து சேர்ந்தியே, அது போதும்” என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்வார்கள். இலத்தீன் படியாமலே அவர்கள் அந்தச் சொல்லின் வேரைத் தொட்டுவிட்டார்கள்.

இச்சொல்லின் உறவுக் கூட்டம் பெரிது. ஆற்றில் மூழ்குபவனைக் கரையேற்றுவதும் ‘சேவ்’. அஞ்சலகத்தில் பணம் போட்டு வைப்பதும் ‘சேவ்’. கால்பந்தாட்டத்தில் இலக்குக் காவலர் பந்தைத் தடுத்துவிட்டால் அதுவும் ‘சேவ்’. பழைய ஆங்கிலப் பாட்டுக்களில் இதே சொல் ‘தவிர’ என்ற பொருளில் வந்து உங்களைத் திகைக்க வைக்கும். ‘ஒருவன் சேஃபாக விலக்கி வைக்கப்பட்டான், மற்றவர் எல்லாரும் உள்ளே’ என்ற வழியில் அப்பொருள் பிறந்தது. ‘சல்யூட்’ என்ற வணக்கமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. எதிர்ப்பட்டவருக்கு நலம் வாழ்த்துவது அது. அதைக் கொண்டு ‘சலாம்’ என்பதும் உறவுதான் என்று முடிவு கட்டும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். அது அரபு மொழிச் சொல். ஓசை ஒத்திருக்கிறதே தவிர, உறவு இல்லை.

இனி, ‘சேஃப்’ என்று ஒரு பொருளும் உண்டு. இன்று அச்சொல் வங்கியின் இரும்புப் பெட்டகத்தை நினைவூட்டுகிறது. முற்காலத்தில் இறைச்சி முதலிய உணவுப் பொருள்களைப் பூனையும் ஈயும் அணுகாமல் வைக்கும் பேழைக்கும் அதே பெயர்தான். பொன்னுக்கும் சோற்றுக்கும் ஒரே பெயருள்ள பெட்டி இருந்த காலம் அது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

‘சேஃப்’ உடன் வைத்துக் குழப்பிக்கொள்ளும் மற்றொரு சொல் ‘செக்யூர்’. அதன் இலத்தீன் மூலத்தைப் பிரித்தால் ‘கவலை நீங்கிய’ என்று பொருள்படும். ஆபத்து நீங்கியதா என்பது ஒரு செய்தி. கவலை நீங்கியதா என்பது வேறொரு செய்தி. ஆபத்தின் நடுவில் கவலையின்றி உறங்குபவனும் உண்டு; ஆபத்தே இல்லாத இடத்தில் கவலையால் உறக்கம் வராதவனும் உண்டு. இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிட்டுப் போவது நம் பழக்கம்.

தமிழில் நிலைமை என்ன? ‘பத்திரம்’ என்று அன்றாடம் சொல்கிறோம். “பத்திரமாய்ப் போய் வா” என்கிறோம், “நிலத்தின் பத்திரம் எங்கே?” என்றும் கேட்கிறோம். இவை இரண்டும் ஒரே சொல் என்று நெடுநாள் நான் எண்ணியிருந்தேன். சொத்துக்குக் காப்பாக இருப்பதால் அந்தத் தாளுக்குப் பத்திரம் என்று பெயர் வந்ததாக வகுப்பில் விளக்கமும் கொடுத்திருக்கிறேன். அது பிழை. நலம் என்று பொருள்படும் வடசொல் ஒன்று. இலை, ஏடு என்று பொருள்படும் வடசொல் மற்றொன்று. வடமொழியில் இவற்றின் எழுத்துக்கள் வேறு, ஒலியும் வேறு. தமிழுக்கு வந்தபோது நம் எழுத்தில் இரண்டும் ஒரே உருவம் கொண்டன. பத்திரகாளியின் பத்திரம் முன்னது. வில்வ பத்திரத்தின் பத்திரம் பின்னது. நிலப் பத்திரம் வில்வத்துக்கு உறவு, காளிக்கு உறவன்று.

‘சேமம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றில் உப்பு வணிகரின் வண்டி ஒன்று வருகிறது. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ‘சேம அச்சு’. முறியும் என்று தெரிந்து, முறிவதற்கு முன்பே செய்து வைப்பது சேமம். ‘சேமிப்பு’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உண்டியல் நினைவுக்கு வருவதில்லை. அந்த வண்டிதான் வரும். தூத்துக்குடி உப்பு ஏற்றிய வண்டிகள் எங்கள் கரிசற்பாதையில் போனதைப் பற்றி என் பாட்டனார் சொல்லக் கேட்டவன் நான்.

இவற்றுக்கெல்லாம் அடிநிலையில் நிற்கும் தனித்தமிழ்ச் சொல் ‘கா’ என்னும் ஓரெழுத்து வினை. காவல், காப்பு, காப்பகம், காப்பீடு, காப்புரிமை, தற்காப்பு எல்லாம் அதன் மக்கள். கருவுற்ற பெண்ணுக்கு வளைகாப்பு. திருவிழாவில் விரதம் பூண்டவர் கையில் கட்டும் மஞ்சள் நூலும் காப்பு. குற்றம் செய்தவன் கையில் மாட்டும் விலங்குக்கும் ஊரார் ‘காப்பு’ என்றே சொல்வார்கள். மூன்று கைகளில் மூன்று வளையங்கள். யாரை எதிலிருந்து காப்பது என்பது மட்டும் ஒவ்வொன்றிலும் மாறுகிறது.

‘காத்திரு’ என்பதையும் சற்றுப் பிரித்துப் பாருங்கள். காத்து இருத்தல். பயிரைக் காப்பதும் பேருந்துக்காகக் காத்திருப்பதும் நமக்கு ஒரே வினை. இது வெறும் சொல் விளையாட்டன்று. கரிசல் நிலத்தில் அது நடைமுறை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்தக் கறுப்பு மண், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே விதை வாங்குகிறது. ஆற்றுப் பாசனம் இல்லை. கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் மானாவாரியாக விளைய வேண்டும். மழை வரும்வரை விதையைக் காக்க வேண்டும். கதிர் முற்றியபின் குருவியிடமிருந்து காக்க வேண்டும். அறுத்ததை வைக்க ‘குலுக்கை’ என்றொரு மண் கலம் இருந்தது. வைக்கோலும் களிமண்ணும் பிசைந்து ஆளுயரத்துக்கு எழுப்பி, அடியில் தானியம் எடுக்க ஒரு துளை விட்டு, மேல்வாயைச் சாணமிட்டு மெழுகி மூடுவார்கள். விதைத் தானியத்தோடு சாம்பலும் வேப்பிலையும் கலந்து வைப்பார்கள். பசித்த வீட்டிலும் விதையில் கை வைப்பதில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்குக் குலுக்கை என்ற சொல்லே தெரியாது. இத்தகைய கரிசல் வழக்குகள் அழிந்துவிடாமல் இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் அகராதியாகத் தொகுத்து வைத்தார். அதுவும் ஒரு குலுக்கைதான்.

இங்கே இலக்கணச் செய்தி ஒன்று. ஆங்கிலத்தில் ‘சேஃப்’ ஒரு பெயரடை. அது ஒரு நிலையைச் சொல்லி நின்றுவிடும். ‘பணம் சேஃப்’, ‘வீடு சேஃப்’, ‘குழந்தை சேஃப்’. அவ்வளவோடு வாக்கியம் நிறைவு பெறும். எதிலிருந்து, யாரால் என்ற கேள்விகளை அது எழுப்புவதில்லை. தமிழில் ‘கா’ ஒரு வினை. செயப்படுபொருள் குன்றாத வினை. காத்தான் என்றால் யார் காத்தான், எதைக் காத்தான் என்று கேள்வி உடனே எழும். எழுவாயும் வேண்டும், செயப்படுபொருளும் வேண்டும். எதிலிருந்து என்ற ஐந்தாம் வேற்றுமையும் பின்னாலேயே வந்து நிற்கும். ‘சேஃப்’ என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை எங்கேனும் கண்டால், அதைத் தமிழ் வினையாக்கி, இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். நாமும் அப்படிச் செய்து பார்ப்போம். நம் கையில்தான் தீப்பெட்டி இருக்கிறதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் வந்த பாஸ்பரஸ் தீக்குச்சிகள் எதில் உரசினாலும் பற்றும். சுவர், செருப்பு, மேசை எதுவாயினும் சரி. சட்டைப் பையில் ஒன்றோடொன்று உரசினாலும் பற்றிவிடும். அவற்றின் முனையில் இருந்தது வெண்பாஸ்பரஸ். 1844-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியல் அறிஞர் குஸ்தாவ் எரிக் பாஷ் என்பார் ஒரு புதிய வழிக்குக் காப்புரிமை பெற்றார். தீப்பற்றுவதற்கு வேண்டிய பொருள்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் குச்சியின் முனையிலும் மறு பகுதியைப் பெட்டியின் பக்கத்திலும் வைப்பதே அவ்வழி. அதே நாட்டில் யான்ஷேப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் தொழிலாக வளர்த்து, 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்றார்கள். இன்று உங்கள் கையில் இருப்பது அந்த முறைதான். குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கண்ணாடித் தூளும் வச்சிரப் பசையும். பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸும் உரசலுக்கு வேண்டிய தூளும். குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும் ஒன்றாகக் கலந்தால் சிறு உராய்விலேயே வெடிக்கும். அவற்றைப் பிரித்து வைத்ததே ‘சேஃப்டி’. இரண்டும் சந்திக்கும் இடத்தை நம் விரல் தீர்மானிக்கிறது.

எதிலிருந்து காப்பு? தற்செயலான நெருப்பிலிருந்து. யாருக்குக் காப்பு? தீக்குச்சி வாங்குபவருக்கு, அவர் வீட்டுக்கு. இந்த விடையோடு பலர் நின்றுவிடுவார்கள். ஆனால் தீக்குச்சியை வாங்குபவருக்கு முன்பாகச் செய்பவர் ஒருவர் உண்டல்லவா?

வெண்பாஸ்பரஸின் ஆவி, அதைக் கையாண்ட தொழிலாளரின் தாடை எலும்பை அரித்தது. பல்வலியில் தொடங்கி, சீழ் வடிந்து, எலும்பு அழுகும் கொடிய நோய் அது. இலண்டனில் பிரையன்ட் அண்டு மே என்ற பெரிய தீப்பெட்டி நிறுவனம் ஸ்வீடன் முறைப்படி ‘சேஃப்டி’ குச்சியும் செய்தது. மலிவான வெண்பாஸ்பரஸ் குச்சியும் செய்தது. மலிவானது நன்றாக விற்றது. அங்கே வேலை செய்த பெண்களின் கூலியையும் அவர்கள் மீது விதித்த அபராதங்களையும் குறித்து 1888 ஜூன் மாதத்தில் ஒரு பெண்மணி கட்டுரை எழுதினார். அடுத்த மாதம் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். கட்டுரை எழுதியவரை உங்களுக்குத் தெரியும். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917-இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய அன்னி பெசன்ட் அம்மையாரே அவர். அந்தப் பெண்கள் பெற்ற சலுகைகளுள் ஒன்று, உணவில் பாஸ்பரஸ் படாதபடி உண்பதற்குத் தனியறை. இங்கும் பிரித்து வைப்பதுதான் காப்பாயிற்று. வெண்பாஸ்பரஸைத் தீக்குச்சியிலிருந்து விலக்க 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 1913-இல் அதற்குச் சட்டம் வந்தது.

எனவே, சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது, அவர்கள் கொண்டுவந்தது தாடையை அரிக்காத தொழில். அது சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி எங்கும் பரவியது. மழை குறைந்த, காற்றில் ஈரமில்லாத வானிலை குச்சியின் முனை விரைவில் உலர உதவியது. மழை பொய்த்த காலத்தில் வேலை தேடி நின்ற குடும்பங்கள் தொழிலுக்குக் கை கொடுத்தன. எங்கள் வறட்சியே எங்களுக்கு வேலை தந்தது என்றும் சொல்லலாம், வேலை எங்களைப் பிடித்துக்கொண்டது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. அந்தத் தொழில் இல்லாதிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் ஊரை விட்டே போயிருக்கும் என்பதை அறிந்தவன் நான். அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை.

தொழிற்சாலைக்கு எங்கள் ஊர்களில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றே பெயர். குச்சியைச் சட்டத்தில் அடுக்குவது ஒரு வேலை. அதன் முனையை மருந்தில் முக்குவது ஒரு வேலை. உலர்ந்த குச்சியைப் பெட்டியில் அடைப்பது ஒரு வேலை. வெறும் பெட்டி செய்து ஒட்டும் வேலை வீடுகளுக்கு வரும். குரோஸ் கணக்கில் கூலி. குரோஸ் என்றால் 144. எங்கள் பள்ளியில் கணக்கு வராத பிள்ளைகூடப் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தவறாமல் சொல்லும்.

1984-ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பின் ஆங்கிலத் தேர்வில், ‘சேஃப் என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதுக’ என்று கேட்டிருந்தேன். இரண்டு மதிப்பெண். ‘வங்கியில் பணம் சேஃபாக இருக்கிறது’ என்பது நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரி வாக்கியம். வங்கிக் கணக்கு உள்ள வீடு அந்த ஊரில் எத்தனை என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. பெரும்பாலோர் அதையே எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பையன் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தான். அவன் ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘என் அக்காள் சேஃப். அவள் பெட்டி அடைக்கிறாள். மருந்து அறை தூரத்தில் இருக்கிறது.’

வினைச்சொல் விடுபட்டிருந்தது, எழுத்துப் பிழைகள் இருந்தன, ஒரு வாக்கியம் கேட்ட இடத்தில் மூன்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் நான்கைந்து வட்டங்கள் போட்டு, அரை மதிப்பெண் கொடுத்தேன். அந்தப் பையனின் அக்காளுக்கு அப்போது வயது பதின்மூன்று என்பது எனக்குத் தெரியும். இரண்டாண்டுகளுக்கு முன்பு வரை அவளும் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். அதை நினைக்காமலே வட்டம் போட்டேன்.

சில வாரங்களுக்குப் பின் அவன் பள்ளிக்கு வருவது நின்றது. மாலையில் அவன் வீட்டுக்குச் சென்றேன். தாழ்வாரத்தில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அவனும் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். கையிலிருந்த பசை காய்ந்துவிடுமே என்ற தவிப்பும் முகத்தில் தெரிந்தது. அவன் தாயார் பாய் விரித்து, “உட்காருங்க ஐயா” என்றார். பெரியவளுக்குக் கையில் தீப்பட்டுவிட்டது, அவள் கூலி நின்ற குறைக்கு இவன் ஒட்டுகிறான், இரண்டு வாரத்தில் அனுப்பிவிடுகிறேன் என்றார். அந்தப் பெண் சுவரோரமாக வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவள் அடைப்புப் பிரிவில் அல்லவா இருந்தாள்? மருந்து அறை தூரம் என்று தம்பி எழுதியிருந்தானே” என்று கேட்டேன்.

“அடைக்கையிலும் ஒன்றிரண்டு தடவை பற்றத்தான் செய்யும் ஐயா. குச்சி பெட்டியில் உரசுமில்லையா? ஆனால் அது கையோடு போய்விடும். மருந்து அறையில் பற்றினால் ஆளே மிஞ்ச மாட்டாங்க. அதனாலதான் இவளை அங்கே விடலை” என்றார்.

கையோடு போய்விடும் என்பதுதான் அந்த வீட்டில் ‘சேஃப்’ என்ற சொல்லுக்குப் பொருள். பையன் பிழையாக எழுதவில்லை. யார், எங்கே, எதிலிருந்து என்ற மூன்றையும் எழுதியிருந்தான். நான் அந்த ஆலையின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அப்படிப்பட்டது அது ஒன்று மட்டும் அன்று.

சட்டம் அப்போது இல்லாமலில்லை. குழந்தைகளை வேலைக்கு வைப்பது குறித்த 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே தீப்பெட்டித் தொழில் இருந்தது. 1986-இல் வந்த சட்டமும் அதை ஆபத்தான தொழில்களின் வரிசையில் வைத்து, பதினான்கு வயது நிரம்பாதவரை விலக்கியது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடக்கும் வேலைக்கு இரண்டு சட்டங்களும் விலக்கு அளித்தன. விளக்கைச் சுற்றி இருந்த தாழ்வாரத்தைச் சட்டம் எட்டவில்லை.

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1990 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கூறியது. தீக்குச்சி செய்யும் இடத்தில் குழந்தைகளை வைத்தல் ஆகாது. சிப்பம் கட்டும் வேலையில் வைக்கலாம், ஆனால் அந்த வேலை செய்முறை நடக்கும் இடத்திலிருந்து விலகித் தொலைவில் நடக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நாளிதழில் அதைப் படித்தபோது எனக்குத் திடுக்கிட்டது. மருந்து அறை தூரத்தில் இருக்கிறது என்ற கோட்டை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கிழிப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் விடைத்தாளில் கிழித்துக் காட்டியிருந்தான். 1996 டிசம்பர் 10-இல் அதே வழக்கில் வந்த பின்னைத் தீர்ப்பு இன்னும் அப்பால் சென்றது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும், அக்குழந்தை பள்ளிக்குச் செல்ல வழி செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. தூரத்தை அளப்பது நின்றது. குழந்தையையே அங்கிருந்து பிரித்து வைப்பது என்றாயிற்று. என் பணிக்காலத்தின் பிற்பகுதியில், விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் வண்டிகளை எங்கள் ஊர்ச் சாலையில் காண்பது அரிதாகி, பின்னர் அறவே இல்லாமற் போயிற்று. ஆலைகளில் இன்று மூத்த பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி 14 ஆண்டுகளுக்குப் பின் 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது என்பதையும், மலிவான எரிவாயு லைட்டர்களோடு அவர்கள் போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்து, அவர்களுக்கு எது ‘சேஃப்’ என்று நீங்கள் ஆராயலாம். அது தனிப் பேச்சுக்கு உரிய பொருள்.

அந்தப் பையன் இரண்டு வாரத்தில் அன்று, ஐந்து வாரத்தில் திரும்பி வந்தான். பத்தாம் வகுப்பைத் தேறினான். அவன் அக்காள் திரும்பவில்லை. எத்தனை முறை சென்று அழைத்தும், பெயர்ப்பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக நான் எழுத நேர்ந்தது ‘இடைநின்றவர்’ என்பதே.

தலைமையாசிரியனான பிறகு, அந்த விடைத்தாளைத் தேட எண்ணி ஒருநாள் பள்ளியின் பழைய அலமாரிகளைத் திறந்து பார்த்தேன். வருகைப் பதிவேடுகள் இருந்தன. சம்பளப் பட்டியல்கள் இருந்தன. ஆய்வாளர் குறிப்புகள் கறையான் அரிக்காமல் பூட்டிய பெட்டியில் இருந்தன. விடைத்தாள்களை மட்டும் குறித்த காலம் முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடுவது வழக்கம். அந்த ஆண்டுக் கட்டையும் நானே கையெழுத்திட்டு அனுப்பியிருந்தேன்.